செருப்பு அலமாரியின் சாவி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், பாப்பா எல்லோரும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மெஷினுக்கு முன்னால் ஒரேயடியாக நாலு மணி நேரம் உட்காராதே என்று ஒரு நர்ஸ் சொல்கிறாள். கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ.

நல்ல சேதி ஒன்று. என்னை முதியோர் வார்டிலிருந்து சேர்க்கை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மனநல ஆஸ்பத்திரியில் இதுதான் வாசல்படி. யார் வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வர வேண்டும். மூன்று நிறத்தில் தாள் வைத்திருக்கிறேன். தானாக வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்கிறவர்களுக்கு வெள்ளை. அவர்கள் எந்த நேரத்தில் போகிறேன் என்றாலும் போகலாம். வீட்டார் கேட்டு, இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கிறவர்களுக்கு ரோஸ். மஞ்சள் மட்டும் நர்ஸுடையது. வெள்ளைத் தாளில் வந்த ஒருவர் போகிறேன் என்று கிளம்பி, போனால் ஆபத்து என்று நமக்குப் பட்டால், டாக்டர் வந்து பார்க்கும்வரை ஆறு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். காரணம், நேரம் எல்லாம் எழுத வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாரிடம் முறையிடலாம் என்று அச்சடித்த தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும். அந்த மஞ்சள் தாள் இல்லாமல் ஒருவரை ஒரு நிமிஷம்கூட நிறுத்த நமக்கு அதிகாரம் கிடையாது. பரீட்சைக்கு இதையெல்லாம் உருப்போட்டபோது தூக்கம் வந்தது. இப்போது மேஜையில் கிடக்கும் தாளைப் பார்த்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

இன்னொரு வேலையும் என் தலையில்தான். வருகிறவர்களின் செருப்பை வாங்கி, எண் கட்டி, அலமாரியில் பூட்டி வைப்பது. வார்டுக்குள் மண் வரக்கூடாதாம். எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து நடக்கிறதாம். அதனால் சாவிக்கொத்து இப்போது ஒரு முழ நீளம். நீ தைத்த சீருடையில் பாக்கெட் சின்னதாக இருக்கிறது. அடுத்ததில் பெரிதாக வை, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நான் இந்தப் பிரிவுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் நீ மூன்று நாள் பேசாமல் இருந்தாயே, அந்தக் கோபம் இப்போதாவது தீர்ந்ததா? ஒரு தடவை வந்து என் மேஜையைப் பார்த்துவிட்டுப் போயேன்.

பாப்பாவுக்கு முத்தம். அத்தானுக்கு வணக்கம்.

உன்
சில்வண்டு

*

ஜனவரி 25

என் சில்வண்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதுகும் சுகம்தான், அது என்னைவிட்டு எங்கே போகப் போகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

மேஜை கிடைத்ததற்குச் சந்தோஷம். பிறந்ததிலிருந்து ஓயாமல் கத்துகிறவளை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கடவுள்தான் துணை. இத்துடன் இரண்டு சீருடை அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டை இரட்டைத் துணியில் வைத்து, ஓரத்தில் இரண்டு ஓட்டு ஓட்டியிருக்கிறேன். சாவிக்கொத்து என்ன, ஆஸ்பத்திரிக் கதவையே கழற்றிப் போட்டாலும் கிழியாது.

பாப்பா பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாள். முன்னால் ஓடியவர்களுக்குக் கை தட்டிக்கொண்டே ஓடினாளாம். அத்தானுக்கு அது பெருமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைக்கு வரும் ஒருத்தி கேட்டாள், அதனால் கேட்கிறேன். அங்கே வருகிறவர்கள் கண்ணாடி போடுகிறவர்களாக இருந்தால் அதையும் வாங்கிப் பூட்டிவிடுவீர்களா? ரோஸ் தாளில் வந்தவர்களுக்கும் அப்படித்தானா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

நான் அங்கே வருவது இப்போது நடக்காது. கடையை யார் பார்ப்பது?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். சீருடை அளவெடுத்த மாதிரி இருக்கிறது. பாக்கெட்டைப் பார்த்துவிட்டு பெரிய சிஸ்டர் (எங்கள் வார்டின் தலைமை நர்ஸ், இருபத்தாறு வருஷ சர்வீஸ்) தனக்கும் ஒன்று தைத்துத் தருவாயா என்று கேட்கிறார்.

கண்ணாடியை வாங்க மாட்டோம். முன்னெல்லாம் சில இடங்களில் வாங்கி வைப்பார்களாம், உடைத்துக் காயப்படுத்திக்கொள்வார்கள் என்று பயந்து. இப்போது அந்த வழக்கம் இல்லை. உன் கடைக்கு வருகிறவளிடம் சொல், பயப்பட வேண்டாம் என்று.

இந்த மாதம் ஒரு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் சின்னப் பை, தனியாக வந்தார். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் காற்றில் பறக்கிற மாதிரி இருந்தார். வெள்ளைத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். நாலாவது பத்தியில் ஒரு எண் தப்பாக அச்சாகியிருப்பதைக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு நாள் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அதை விடு.

பாப்பா கை தட்டிக்கொண்டே ஓடியதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவளை எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உன்
சில்வண்டு

*

மார்ச் 4

சில்வண்டு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். அதை விடு என்றால் என்ன அர்த்தம்? நீ விடுகிற ஆளா? சின்ன வயதில் காலில் முள் குத்தினால் தெரு முழுவதுக்கும் காலைக் காட்டிவிட்டு வருவாய். 'சிக்கலாகிவிட்டது' என்ற இடத்தில் உன் எழுத்து வலப்பக்கம் சாய்கிறது. இதற்காகத்தான் போன் வேண்டாம், கடிதம் எழுது என்று சொல்கிறேன். போனில் நீ சரி சரி என்று சொல்லி என்னை ஏமாற்றிவிடுவாய். காகிதத்தில் உனக்கு அது வராது.

பெரிய சிஸ்டரின் அளவை அனுப்பு. தோள், மார்பு, கை நீளம். இடுப்பு அளவை உண்மையாகச் சொல்லச் சொல்.

பாப்பா உனக்குப் படம் வரைந்திருக்கிறாள். மேஜைக்குப் பின்னால் இருப்பது நீயாம். தலைக்கு மேல் இருப்பது காக்கா இல்லை, மின்விசிறி.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகமாக இருப்பதால் உடனே எழுத முடியவில்லை. படம் நன்றாக இருக்கிறது. மேஜையில் ஒட்டியிருக்கிறேன். பெரிய சிஸ்டருக்கு இப்போது சீருடை வேண்டாமாம். அத்தானையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை

*

ஏப்ரல் 13

சில்வண்டுக்கு,

நீ அனுப்பிய தந்தி கிடைத்தது. கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

இப்படிக்குத் தங்கையா? யாருக்குத் தங்கை? பக்கத்து வீட்டுக்காரிக்கா? அத்தான் படித்துவிட்டு, வேலை அதிகமாக இருக்கும் என்கிறார். அவருக்கு உன்னைப் பன்னிரண்டு வருஷமாகத்தான் தெரியும். எனக்கு நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரியும். நீ கத்தினால் எனக்குக் கவலை இல்லை. கத்தாவிட்டால்தான் கவலை.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது. உன்மேலா, வேறு யார்மேலா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுது. வேலையே போனாலும் கடையில் இன்னொரு மெஷின் சும்மாதான் இருக்கிறது. உனக்கு நேராகத் தைக்க வராது என்பது வேறு விஷயம். பட்டன் கட்டலாம்.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, உண்மையைத்தான் சொல்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 23

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இல்லை. நீ நலமாக இரு.

அந்தக் கணக்கு டீச்சர் வந்து ஆறாவது நாள். மத்தியானம் மூன்று மணி. பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவருடைய ஒரே மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறானாம், ஐந்தே முக்காலுக்கு ரயில், இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவானாம். வழியனுப்பிவிட்டு வருகிறேன், திரும்ப வருவதும் வராததும் அப்புறம் பார்க்கலாம் என்றார். முந்தின நாள்தான் அவர் என்னிடம், இனி யாருக்காக இருக்கணும் என்று கேட்டிருந்தார். ரயில் என்றதும் எனக்குத் தண்டவாளம்தான் நினைவுக்கு வந்தது. மகன் கதை உண்மையா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

மஞ்சள் தாள் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து எழுதியிருக்க வேண்டும். டாக்டர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். கால் மணி நேரத்தில் வந்திருப்பார், பார்த்திருப்பார், ஒருவேளை கூட ஒரு ஆளைப் போட்டு அனுப்பியிருப்பார். நான் எழுதவில்லை. தானாக வந்தவர் பெயரில் கட்டாயத்தில் நிறுத்தப்பட்டார் என்று ஒரு தாள் ஏறினால், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமே, அந்தக் கறை எதற்கு என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் அக்கா.

"என் செருப்பைக் குடும்மா, நேரமாகுது," என்றார்.

"சாவி என்கிட்ட இல்ல டீச்சர். பெரிய சிஸ்டர் வரட்டும்," என்றேன்.

சாவி என் பாக்கெட்டில் இருந்தது. நீ தைத்த பாக்கெட். டீச்சர் அதைப் பார்த்தார். நான் கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். வார்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் ஒரு டீச்சர் வெறுங்காலோடு ரயில் நிலையத்துக்கு நடக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தைத்தான் பூட்டாக வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு ஒருமுறை கேட்டார், ஐந்து மணிக்கு ஒருமுறை கேட்டார். ஐந்தே முக்காலுக்குப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பதிவேட்டில் நான் எழுதினேன்: 'வீட்டுக்குப் போக விரும்பினார். பேசியபின் ஒப்புக்கொண்டு தங்கினார்.' மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மகன் கதை உண்மைதான்.

மார்ச் கடைசியில் புகார் வந்தது. தன் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். நோயாளிகளின் முறையீட்டை விசாரிக்கிற குழு ஒன்று இருக்கிறது, அதற்கு ஏழு எண்ணிட்டு எழுதியிருக்கிறார். ஏழாவதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். 'நான் ஒப்புக்கொண்டேன் என்று பதிவேட்டில் இருக்கிறது. எனக்கு அப்படி நினைவில்லை. நர்ஸின் பாக்கெட்டில் சாவிக்கொத்து இருந்ததைப் பார்த்ததாக நினைவு. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். பதிவேடு சரி என்றால் என் நோய் நீங்கள் சொன்னதைவிடப் பெரியது. எது சரி என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.'

ஜூன் பத்தாம் தேதி விசாரணை. பெரிய சிஸ்டர் கெட்டவர் இல்லை அக்கா, என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும், நீ வாயைத் திறக்காமல் ஆமாம் என்று மட்டும் சொல், பதிவேட்டுக்கு எதிராக ஒரு நோயாளியின் பேச்சு நிற்காது என்கிறார். நிற்காது என்பது எனக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் நர்ஸ் பதிவையே ரத்து செய்யலாம். ஹாஸ்டலில் இருந்தபோது நீ தைத்துத் தைத்து அனுப்பிய பணத்தில்தான் நான் இந்தப் படிப்பைப் படித்தேன். அதை எப்படித் தூக்கிப் போடுவேன்?

என்ன செய்ய? நீ சொல்.

சில்வண்டு

*

மே 20

அக்கா,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. எல்லோரும் நலம்தானே? போன் செய்தேன். பாப்பா எடுத்தாள். அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் தைக்கவில்லை என்றாள். கூப்பிடு என்றேன். போய்விட்டு வந்து, அம்மா எழுதுவாளாம் என்றாள்.

கோபமாக இருந்தால் திட்டியாவது இரண்டு வரி எழுது. உன் திட்டு இல்லாமல் எனக்கு நிமிர்ந்து உட்கார வரவில்லை. ஜூன் பத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

சில்வண்டு

*

மே 29

என் தங்கமே,

எல்லோரும் சுகம். பயப்படாதே. உன்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பாப்பா பிறந்தபோது நீ ஹாஸ்டலில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு மஞ்சள் காமாலை, அத்தானின் பெரியம்மா வீட்டில் மூன்று வாரம் ஓய்வெடுக்கிறேன் என்று உனக்கு எழுதினார்கள். காமாலை இல்லை. நான் உன்னுடையதைப் போன்ற ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரோஸ் தாள். நாலு நாளாகத் தூங்காமல், இந்தக் குழந்தை என்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அத்தான்தான் கையெழுத்துப் போட்டார். அவரைத் தப்பாக நினைக்காதே. போட்டுவிட்டு வாசல் பெஞ்சிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். எனக்கு வைத்தியம் தேவைப்பட்டது, அது உண்மை. குணமானதும் அங்கேதான். அதற்குப் பிறகும் இதை உன்னிடம் மறைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. நீ நர்ஸாகப் போகிறவள். உன் கண்ணில் நான் அக்காவாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ இந்தப் பிரிவை எடுத்தபோது மூன்று நாள் பேசாமல் இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கண்ணாடியைப் பற்றிக் கேட்டது கடைக்கு வந்தவள் இல்லை. போன முதல் நாளே என் கண்ணாடியை வாங்கிவிட்டார்கள். அது இல்லாமல் எனக்கு எதிரில் நிற்பது மனிதரா கதவா என்று தெரியாது, உனக்கே தெரியும். என் உரிமைகள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கேட்டேன். ஒரு நர்ஸ் சொன்னாள், நீங்க கண்ணாடியே கொண்டுவரலையே, வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்க என்று. மூக்கின்மேல் கண்ணாடி அழுத்திய தழும்பு இருக்கிறது, தடவிப் பார்க்கிறேன். வரும்போது போட்டிருந்தேன் என்றுதான் நினைவு. ஆனால் அவள் வெள்ளை உடையில் இருக்கிறாள், நான் நோயாளி. யார் சொல்வது சரியாக இருக்கும்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி, நமக்குத்தான் புத்தி போய்விட்டது, குழந்தை விஷயத்திலும் இப்படித்தான் போலிருக்கிறது, இனி எதையுமே நம்பக்கூடாது என்று முடிவுக்கு வந்தேன். அந்த இரண்டு நாளைப்போல ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூன்றாம் நாள் காலை அதே நர்ஸ் வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணாடி எங்ககிட்டதான் இருக்கு. நேத்து முந்தாநாள் நான் பொய் சொன்னேன். நீங்க நினைச்சதுதான் சரி," என்றாள்.

கண்ணாடியை மாட்டிவிட்டு, அந்த உரிமைத் தாளைப் பக்கத்தில் இருந்து படிக்க வைத்தாள். மருந்து தூங்க வைத்தது, வாஸ்தவம். ஆனால் என் தலை எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த நிமிஷத்தில்தான். நான் பார்த்ததில் ஒன்றாவது நிஜம் என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பாப்பா என் பாப்பாதான் என்பதையும்.

உன் டீச்சர் செருப்பைக் கேட்கவில்லையடி. ஏழாவது எண்ணில் எதைக் கேட்கிறார் என்று இன்னொரு தடவை படி.

படிப்புக்குத் தைத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கை நீ பார்க்காதே. நான் தைத்தது உன் படிப்புக்கு, உன் பொய்க்கு இல்லை. வேலை போனால் வா, மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். போகாவிட்டால் இன்னும் சந்தோஷம். எதுவானாலும் ஜூன் பத்தாம் தேதி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுந்தால் அவர்கள் உன்னையே ரோஸ் தாளில் சேர்த்துவிடுவார்கள்.

உன் அக்கா

*

ஜூன் 14

என் அக்காவுக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம். நீ நலமா, முன்பும் நலமாகத்தான் இருந்தாயா என்று இனி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், பொறுத்துக்கொள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுததை இங்கே எழுதினால் மை கரையும். ஒன்றே ஒன்று. என் கண்ணில் நீ அன்றும் அக்காதான், இன்றும் அக்காதான். இப்போது கொஞ்சம் பயபக்தியும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒருவர் டாக்டர். மூன்றாவது ஓர் அம்மா, முன்பு எப்போதோ எங்கேயோ நோயாளியாக இருந்தவராம், சட்டப்படி அப்படி ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டுமாம். பரீட்சைக்குப் படித்த வரிதான், அன்றைக்குத்தான் ஏன் என்று புரிந்தது. டீச்சர் கருநீல உடையில், மடியில் நோட்டோடு, எனக்கு நேர் எதிரில். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். பெரிய சிஸ்டர் எனக்குப் பின்னால்.

நீதிபதி பதிவேட்டின் வரியைப் படித்துவிட்டு, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பின்னால் பெரிய சிஸ்டர் மூச்சு விடுவது கேட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பேன். எழுதியது நான், ஆனால் அது பொய் என்றேன். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை, செருப்பை மூன்று தடவை கேட்டார், மஞ்சள் தாள் எழுதாமல் செருப்பை வைத்து நிறுத்தினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னபடி சாப்பிட்டுவிட்டுப் போனதால் மயக்கம் வரவில்லை.

டீச்சருக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார்கள். நோட்டைத் திறந்தார்.

"சாவி எங்கே இருந்தது?"

"என் பாக்கெட்ல. வலது பக்கம்."

எழுதிக்கொண்டார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அப்ப நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்," என்றார்.

குழுவில் இருந்த அந்த அம்மா கைக்குட்டையை எடுத்தார். எனக்கு உன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

பிறகு டீச்சர் பதிவேட்டைத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டார். அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு வேறு தாள் வைக்கலாமா என்று அங்கிருந்த ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர் கேட்டதும் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அழிக்கக் கூடாது, தப்பு தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். எல்லோர் முன்னாலும் நானே அடித்து, நானே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, 'தங்கினார்' இல்லை, 'தங்க வைக்கப்பட்டார்' என்று அதையும் திருத்தினார்.

வெளியே வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். மகனை வழியனுப்ப முடியாமல் போனதை மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அது தனி, இது தனி, இரண்டையும் கூட்டிக் கழிக்காதே என்றார். கையைக் கொடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

என் நர்ஸ் பதிவை ரத்து செய்யவில்லை. எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள், அது எப்போதும் கூடவே வரும். ஆறு மாதம் நோயாளிகள் பக்கமே போகாமல் பதிவேட்டு அறையில் வேலை. தூசி, தும்மல், பழைய கோப்புகள். பெரிய சிஸ்டர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுக் காலை பதிவேட்டு அறைக்கு வந்து, கூட வா என்று வார்டுக்குக் கூட்டிப் போனார். செருப்பு அலமாரி காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒரு ஜோடிச் செருப்பு. சாவியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பூட்டே இல்லையே, சாவி எதுக்கு என்றார். அப்புறம், உன் அக்காவிடம் என் அளவைச் சொல் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். இடுப்பு அளவு உண்மை மாதிரிதான் தெரிகிறது.

உன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்த அந்த நர்ஸின் பெயர் உனக்குத் தெரியுமா?

உன்
சில்வண்டு

*

ஜூன் 27

என் சில்வண்டுக்கு,

எல்லோரும் சுகம். நான் முன்பும் இப்போதும் சுகம். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பதாக இருந்தால் நேரில் வந்து உதைப்பேன்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய், சைக்கிளுக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே காற்று நிறையத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று சாயங்காலம் பேசினோம். நான் கையெழுத்துப் போட்டது தப்பா என்று கேட்டார். தப்பில்லை, என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம் என்றேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நர்ஸின் பெயர் தெரியாது. கேட்காமல் வந்துவிட்டேன். ஒரு நன்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை காகிதம் எடுத்திருக்கிறேன், யாருக்கு என்று எழுதுவது? இப்போது எழுதாமலே தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஏன் என்று கேட்காதே, நீயே யோசி.

பெரிய சிஸ்டரின் சீருடை தயார். உனக்கும் ஒன்று, பதிவேட்டு அறைத் தூசி தெரியாத நிறத்தில். பாக்கெட் வைத்தே தைத்திருக்கிறேன். பேனா வைத்துக்கொள்.

இதையெல்லாம் தபாலில் அனுப்பவில்லை. சனிக்கிழமை பதினொரு மணி ரயிலில் நானே கொண்டு வருகிறேன். கடையைப் பாப்பாவும் அத்தானும் பார்த்துக்கொள்வார்கள். நீ ரயிலடிக்கு வர வேண்டாம், வழி கேட்டு வருவேன். உன் வார்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். உள்ளே வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வாசல்வரைக்கும் நிச்சயம்.

செருப்பை யாராவது கழற்றச் சொன்னால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன்.

உன் அக்கா